மிக்கேல் அண்ணாச்சி பெயரில் உள்ளே வந்தவன்

1

இந்த வாரம் தூத்துக்குடியில் மாதா கோவில் கொடி ஏறிவிட்டது. ஹாம்பர்கில் இருக்கும் எனக்கு அது தெரிவது கைபேசி வழியாகத்தான். காலையில் வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து திறந்தால் கொடிமரம், பாண்டு வாத்தியம், ராட்டினம், டெல்லி அப்பளம் என்று வரிசையாக வீடியோக்கள். இந்த ஊர் ரயிலில் யாரும் சத்தமாக மூச்சுகூட விடமாட்டார்கள். நான் ஒலியைக் குறைக்க மறந்துபோய் வெடிச்சத்தத்தோடு ஒரு வீடியோவைத் திறந்துவிட்டேன். எதிரே இருந்த பெரியவர் செய்தித்தாளை இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் பதிலுக்கு ஒரு பார்வை பார்த்தேன். பதினேழு வருடமாக இங்கே வரி கட்டுகிறேன். எங்கள் மாதாவுக்காக ஒரு வெடி வெடிக்க எனக்கு உரிமை இல்லையா?

போன வருடம் இதே திருவிழா முடிந்த கையோடு என் மதினியைத் திருடி என்று சொன்னார்கள். மதினி என்றால் என் அண்ணன் லியோனின் மனைவி, பிலோமினா. அந்தப் பழி எப்படி வந்தது, எப்படிப் போனது என்று ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்களாம். "நாத்தனாக்காரி ஜெர்மனியில பெரிய வேலையில இருக்கா, ஒரு போனப் போட்டா, எல்லாம் முடிஞ்சு போச்சு" என்பது அதில் ஒன்று. அப்படி ஒரு போனை நான் போடவில்லை. போடவும் முடியாது. அந்த நாட்களில் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கட்டுப்பட்டவள். இப்போது விவரமெல்லாம் பொதுவில் வந்துவிட்டது. எழுதலாமா என்று என் மேலதிகாரியிடம் கேட்டு ஒப்புதலும் வாங்கிவிட்டேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் திருவிழாவுக்குப் போய் ராட்டினம் சுற்றலாம்.

2

எங்கள் வீட்டில் அப்பா தோணியில் தண்டல், அதாவது தோணியை ஓட்டிப்போகும் தலைவர். அண்ணன் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறான். கடலுக்குப் போகாமல் பிழைக்கப் பார்த்த முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் படித்தேன், கடல் தாண்டி வந்தேன், கடைசியில் இங்கேயும் ஒரு துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் வந்து விழுந்திருக்கிறேன். ரயில் பாலத்தில் ஏறும்போது ஜன்னல் வழியே கிரேன்கள் தெரியும். முதல் வருடம் அதைப் பார்த்து அழுதிருக்கிறேன். இப்போது அதைப் பார்த்தால் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

தூத்துக்குடி என்றதும் முத்துக்குளிப்பு என்று எங்கேயோ படித்துவிட்டு வந்த ஒரு சக ஊழியர் என் காதையே உற்றுப் பார்த்தார். காதில் கிடந்தது இங்கே தள்ளுபடியில் வாங்கிய பிளாஸ்டிக் தோடு. பாவம், அவர் முகம் வாடிவிடக் கூடாதே என்று நான் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் நிறுவனம் விற்பது யார்டுகளுக்கான மென்பொருள். கப்பலில் இறங்கிய கண்டெய்னர் யார்டில் எந்த வரிசையில் நிற்கிறது, அதை யாரிடம் ஒப்படைக்கலாம், எந்த லாரியைக் கேட்டுக்குள் விடலாம், எல்லாவற்றையும் அதுதான் பார்த்துக்கொள்ளும். பல நாடுகளில் ஓடுகிறது. தூத்துக்குடியிலும் ஒரு யார்டில் ஓடுகிறது. ஆசிய வாடிக்கையாளர்களின் குறைகளைக் கேட்பது என் வேலை.

போன வருடம் ஜூலை கடைசியில் எங்கள் பிரிவுத் தலைவி உல்ரிக்கே கதவைச் சாத்திவிட்டுக் கூட்டம் போட்டாள். வெளியார் ஒருவர் எங்கள் மென்பொருளில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, நாகரிகமாக எங்களுக்கு மட்டும் எழுதியிருந்தார். சரக்குக்கான காகிதங்களை வாடிக்கையாளர்கள் இணையம் வழியாக ஏற்றுவதற்கு ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கம் வருகிறவன் யார் என்று சரியாகக் கேட்பதே இல்லை. விவரம் தெரிந்தவன் காகிதத்துக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு நிரலை அங்கே போட்டுவிட்டால் போதும். கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே வந்து, ஏற்கெனவே உள்ளே இருக்கும் யாரோ ஒருவரின் பெயரில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். முன்வாசலுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டுப் பால்காரன் பாக்கெட் போடும் ஜன்னலுக்குக் கம்பி வைக்க மறந்த வீடு மாதிரி.

அந்த ஓட்டையை அடைத்து ஒட்டுப் போடச் சில வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது, வீட்டிலும் கூடாது. இந்தத் துறையில் அதுதான் நடைமுறை. அடைப்பதற்கு முன்னால் சேதி கசிந்தால் உலகத்திலுள்ள திருடன் எல்லாம் அந்த ஜன்னலுக்கு ஓடி வருவான். ஆனால் ஒரு விலக்கு உண்டு. எந்த வாடிக்கையாளரிடமாவது அந்த ஓட்டை வழியாக ஆள் நுழைந்துவிட்டான் என்பதற்குச் சான்று கிடைத்தால், ஒட்டுக்குக் காத்திராமல் அன்றைக்கே எல்லாரையும் எச்சரிக்கவேண்டும். அந்த விதி நியாயமானது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

3

தூத்துக்குடி யார்டின் முதலாளி பெயர் கஸ்பார். மோசமான ஆள் இல்லை. வீட்டு விசேஷத்துக்கு வேலைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறுவார். மதினி அங்கே டெலிவரி மேஜையில் இருந்தார். கண்டெய்னரை இன்னாரிடம் கொடுக்கலாம் என்ற உத்தரவைக் கம்ப்யூட்டரில் போடும் வேலை.

அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. அங்கே மிக்கேல் அண்ணாச்சி என்று ஒரு தலைமைக் கணக்கர் இருந்தார். ராசியான கை என்று பெயர் எடுத்தவர். அந்த யார்டின் முதல் கண்டெய்னர் அவர் கையால்தான் வெளியே போனது. மென்பொருள் வந்தபோது முதலில் அவர் பெயரைத்தான் அதில் பதிந்தார்கள். அண்ணாச்சி தவறிப்போனார். பெயர் மட்டும் தவறவில்லை. மற்றவர்களுக்குத் தனித்தனிப் பெயர் போட முதலாளி சம்மதிக்கவே இல்லை. காலையில் வருகிறவர் மிக்கேல் அண்ணாச்சியின் பெயரில் உள்ளே போவார், அப்புறம் ஆள் மாறி ஆள் அதிலேயே வேலை பார்ப்பார்கள். சாயங்காலம் அதை மூடுகிற வழக்கமும் இல்லை. அலுவலகத்தைப் பூட்டினாலும் அண்ணாச்சி உள்ளேயே இருப்பார்.

இது கூடாது என்று எங்கள் நிறுவனத்திலிருந்து மடல் போனது. நானும் ஒரு முறை வேலை விஷயமாகப் பேசும்போது சொன்னேன்.

"ஏளா, அவிய பேருல தொட்டா வெளங்கும்லா?" என்றார் கஸ்பார் அண்ணாச்சி. "இத்தன வருசத்துல ஒரு பெட்டி மாறிப் போயிருக்கா? நீ அங்கன இருந்துக்கிட்டு ராசியக் கெடுக்காத."

மாதாவின் திருநாள் அன்றைக்கு உள்ளூர் விடுமுறை. ஆனால் கப்பலுக்கு உள்ளூர் வெளியூர் தெரியாது. அன்றும் மதியம் வரை யார்டு அலுவலகத்தில் ஆட்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு கப்பலின் காகிதத்தை முடிக்க மதினி மட்டும் இருந்துவிட்டு, சாயங்காலம் நாலரை மணிக்குப் பூட்டிச் சாவியை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். ஏழு மணிக்கு மாதாவின் சப்பரம் தெருவுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் தூத்துக்குடிக் கடற்கரையில் வேலை பார்க்கிறவன் ஒருவனைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு லாரி வந்தது. உத்தரவு கம்ப்யூட்டரில் இருந்தது, நம்பர் பொருந்தியது, கேட்டில் திறந்துவிட்டார்கள். முந்திரிக் கொட்டை ஏற்றிய கண்டெய்னர் ஒன்று அதில் போனது. சரக்குக்கு உரியவர் மத்தியானம் வந்து நின்றபோதுதான் அந்த உத்தரவை அவர் கேட்கவே இல்லை என்று தெரிந்தது.

4

மதினி எனக்குப் போன் செய்தபோது நான் மதியச் சாப்பாட்டில் இருந்தேன்.

"ஏளா ரெஜி, வேலையில இருக்கியா?"

"சொல்லுங்க மதினி."

"ஒண்ணுமில்ல. என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாவ."

குரலில் நடுக்கம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நடந்ததைச் சொன்னார். உத்தரவு போட்ட நேரம் மூன்றரை மணி என்று கம்ப்யூட்டர் காட்டுகிறதாம். மூன்றரைக்கு அலுவலகத்தில் இருந்தது மதினி ஒருத்திதான்.

"நான் அங்கன இருந்தேன், இல்லங்கல. ஆனா நான் பாத்தது வேற கப்பலு. அந்த உத்தரவ நான் போடல. சொன்னா கேக்க மாட்டுக்காவ. கேட்டுல வச்சு என் பையக் கொட்டிப் பாத்தாவ ஏளா. லாரிக்காரனுவ பூரா நின்னு பாத்தானுவ. டிபன் பாக்ஸத் தொறந்து பாத்தாவ. கண்டெய்னர டிபன் பாக்ஸுல வச்சா கொண்டுபோவேன்?"

"அண்ணன்கிட்ட சொன்னியளா?"

"சொல்லல. அவிய நடுக்கடல்ல கெடக்காவ. சொன்னா என்ன செய்வாவ, நீந்தியா வருவாவ? நீ கேளு. திங்கக்கெழம போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாவ. இன்சூரன்ஸ்காரன் ஒரு பேரு வேணும்னு நிக்கானாம். என் பேரத்தான் குடுப்பாவ."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அந்த சாமான் ஒங்க கம்பெனி சாமான்தான? ஒரு வார்த்த சொல்லு. அதுல வெளியாளு வந்து பூர வழி உண்டா, இல்லையா?"

உண்டு மதினி, பால்காரன் ஜன்னல் மாதிரி ஒன்று திறந்தே கிடக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்தது. "பாக்கேன் மதினி" என்று மட்டும் சொன்னேன்.

"சரி, பாரு" என்று வைத்துவிட்டார். என்னை எடுத்து வளர்த்தவர் இல்லை, ஆனால் நான் இங்கே வரும்போது அம்மாவை யார் பார்ப்பது என்று எல்லாரும் முழித்தபோது "நான் இருக்கேன்லா, நீ போ" என்று சொன்னவர். அவரிடம் அன்றைக்கு அரை வார்த்தை பேசிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் ஈவா முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள். அவளுக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், பேச வராது. போன முறை ஊரில் மதினி "சாப்ட்டியா மக்ளே?" என்று கேட்டதற்கு "ஆமாம், மிக்க நன்றி" என்று சொல்லி வீட்டையே சிரிக்கவைத்தவள். மதினி மேல் ஒரு பழி, எனக்கு ஒரு சங்கதி தெரியும், சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னேன்.

"குடும்பம்தானே? சொல்லிவிட வேண்டியதுதானே?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"நான் சொன்னால் மதினி முதலாளியிடம் சொல்வார், முதலாளி ஊரிடம் சொல்வார். இதே மாதிரி எத்தனையோ யார்டு இருக்கிறது. அங்கேயும் ஒரு மதினி இருப்பாள்."

"அப்படியானால் விதி சரிதான்."

"சரிதான். எனக்குக் கோபம் வரக் கூடாது என்று விதியில் இல்லை."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். என் சண்டை எதுவும் அவளுடைய சண்டை இல்லை என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். அன்றும் தோன்றியது.

5

வழி ஒன்றுதான் இருந்தது. வெளியாள் நுழைந்தான் என்பதற்குச் சான்று காட்டி, விதியை விதியாலேயே திறப்பது. அதில் ஒற்றைக்காலில் நிற்பது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக உல்ரிக்கேயிடம் போய், தூத்துக்குடி யார்டில் ஒரு திருட்டு நடந்திருக்கிறது, அதில் பழி சுமத்தப்பட்டவர் என் உறவினர் என்று சொன்னேன். ஜெர்மனியில் சொன்னால் போதாது, எழுதவேண்டும். பக்கச்சார்பு அறிவிப்பு என்று ஒரு படிவம் இருக்கிறது. உறவுமுறை என்ற இடத்தில் அவர்கள் மொழியில் ஒரே சொல்தான். அண்ணன் பெண்டாட்டி, தம்பி பெண்டாட்டி, நாத்தனார், கொழுந்தியாள் எல்லாருக்கும் அந்த ஒன்றுதான். மதினியைப் போய் அந்தக் கும்பலில் சேர்ப்பதா என்று எனக்கு மனசு வரவில்லை. ஓரத்தில் "மூத்த சகோதரனின் மனைவி" என்று விளக்கம் எழுதினேன். "தேவையில்லை" என்று உல்ரிக்கே அதை அடித்துவிட்டாள். எழுதிக் கையெழுத்துப் போட்ட பலன், அந்த வாடிக்கையாளரின் கோப்பிலிருந்து என்னை விலக்கிவிட்டார்கள்.

"நாங்கள் பார்க்கிறோம். நீ தள்ளி இரு" என்றாள்.

பார்த்தார்கள். முதலாளி அனுப்பியிருந்த புகார் மடலை வைத்துப் பார்த்தார்கள். தெரிந்த பெயர், வழக்கமான வேலை, பிற்பகல் மூன்றரை, வேலை நேரம். சந்தேகப்பட எதுவும் இல்லை, இது உள்ளாள் வேலை என்று சாயங்காலத்துக்குள் முடிவுக்கு வந்துவிட்டார்கள். உல்ரிக்கே வந்து "வருந்துகிறேன்" என்று சொன்னாள். அவள் நிஜமாகவே வருந்தினாள். எனக்கு அது போதவில்லை.

6

முதலாளி அந்தக் கம்ப்யூட்டர் திரையைப் படம் எடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார், எல்லாரும் பார்க்கட்டும் என்று. மதினி அதை எனக்கு அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேலிருந்து கீழாகத் திருநாள் அன்றைய நடமாட்டம். எல்லா வரியிலும் மிக்கேல் அண்ணாச்சி. அன்றைய முதல் வரி, காலை ஐந்தரை.

ஐந்தரைக்கு யார் வந்து அலுவலகத்தைத் திறந்தது? அதுவும் திருநாள் காலையில், ஊரே பூசையில் நிற்கும்போது? ரயிலிலிருந்தே மதினியைக் கூப்பிட்டேன்.

"மதினி, அன்னைக்குக் காலையில ஆபீஸ யாரு தொறந்தா?"

"நான்தான். ஏன்?"

"எத்தன மணிக்கு?"

"எப்பவும் போல ஒம்போதுக்கு. பூசை முடிஞ்சு வந்தேன்."

ஒன்பதுக்கும் ஐந்தரைக்கும் மூன்றரை மணி வித்தியாசம். வெளிநாட்டில் இருக்கும் எவருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லித்தரவேண்டாம். பதினேழு வருடமாக நான் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் கோடைக்கு மூன்றரை, குளிருக்கு நாலரை என்று கூட்டிப் பார்த்துத்தான் மூச்சே விடுகிறேன். மற்றத் திரைகளிலெல்லாம் எங்கள் மென்பொருள் அந்தந்த ஊர் நேரத்தைக் காட்டும். யாரும் அதிகம் திறக்காத இந்த ஒரு திரையில் மட்டும் ஹாம்பர்க் நேரத்தைக் காட்டியிருக்கிறது. திரையின் அடியில் பொடி எழுத்தில் அதைப் போட்டும் இருக்கிறார்கள். தூத்துக்குடியில் அதைப் படித்தவர்கள் தங்கள் நேரம் என்று எடுத்துக்கொண்டார்கள், முதலாளியின் மடலை நம்பி எங்கள் ஆட்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த உத்தரவு போடப்பட்டது பிற்பகல் மூன்றரைக்கு அல்ல. மாலை ஏழு மணிக்கு.

நிலையத்தில் இறங்கி அலுவலகம் வரை ஏறக்குறைய ஓடினேன். அவசரத்தில் என் ஜெர்மன் எப்போதும் காலை வாரிவிடும். "அது மூன்றரை இல்லை, ஏழு! ஏழு மணிக்கு அம்மா தெருவில் போய்க்கொண்டிருந்தார், எல்லாரும் அவர் பின்னால் போய்விட்டார்கள்" என்றேன். உல்ரிக்கே எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் அம்மாவுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள்.

மாதா யார், சப்பரம் என்ன, அந்த ஒரு மணிநேரம் ஏன் எங்கள் ஊரில் ஒருத்தனும் கம்ப்யூட்டரைத் தொடமாட்டான் என்று விளக்கினேன். அலுவலகத்து ஆட்கள் எல்லாரும் முதலாளியோடு சேர்ந்தே போவதுதான் அந்த யார்டின் வழக்கம் என்றும் சொன்னேன். அவள் படத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்தாள். முகம் மாறியது.

"வாடிக்கையாளரிடம் கேட்கவேண்டும்" என்றாள். "இப்போதே. அவர் ஆங்கிலத்தில் பாதியில் உங்கள் மொழிக்குப் போய்விடுகிறார். நீ மொழிபெயர்க்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பு மட்டும். ஒரு சொல் கூடுதலாகச் சொன்னாலும் அழைப்பைத் துண்டித்துவிடுவேன். எல்லாம் பதிவாகும்."

கஸ்பார் அண்ணாச்சி இரண்டு வாக்கியம் ஆங்கிலம் பேசினார். மூன்றாவது வாக்கியத்தில் தமிழுக்கு வந்துவிட்டார். "அந்தப் பிள்ளைய என் வீட்டுப் பிள்ள மாதிரி வச்சிருந்தேன். சோறு போட்ட எடத்துல கன்னம் வச்சுட்டா. திருட்டுக்கு ஒடந்த. வேற என்ன சொல்ல?"

என் மதினியைத் திருட்டுக்கு உடந்தை என்று, என் வாயால், பிழையில்லாத ஜெர்மனில் சொன்னேன். உல்ரிக்கே என் பக்கம் ஒரு கோப்பைத் தண்ணீரை நகர்த்தினாள்.

"யாரு, ரெஜினாவா பேசுதது?" என்றார் அவர்.

"நான் மொழிபெயர்ப்பாளர் மட்டும் அண்ணாச்சி. இந்த அம்மா கேக்குததுக்குப் பதில் சொல்லுங்க."

உல்ரிக்கே நிதானமாகச் சொன்னாள், நான் தமிழில் சொன்னேன். நீங்கள் பார்த்த திரையில் இருந்தது எங்கள் ஊர் நேரம். அதைத் தெளிவாகக் காட்டாதது எங்கள் தவறு. உத்தரவு போட்டபோது உங்கள் ஊரில் மாலை ஏழு மணி. அப்போது உங்கள் அலுவலகத்தில் யார் இருந்தார்கள்?

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஏழு மணியா?" என்றார் கஸ்பார் அண்ணாச்சி. "ஏழு மணிக்கு நாங்க பூரா பேரும் சப்பரத்துக்கு முன்னாலல்லா நின்னோம். ஆபீஸ் சாவி எங்கிட்ட இருந்துச்சு. அந்தப் பிள்ள… அந்தப் பிள்ள என் வீட்டுக்காரி பக்கத்துல மெழுகுதிரி பிடிச்சிக்கிட்டு வந்தா. நானே பாத்தேன்."

அதையும் ஜெர்மனில் சொன்னேன். இந்த முறை குரல் உடைந்தது. உல்ரிக்கே அழைப்பைத் துண்டிக்கவில்லை.

"அப்பம் உள்ள இருந்தது யாரு?" என்று அவர் கேட்டார்.

அதைக் கண்டுபிடிக்க அனுமதி தாருங்கள் என்றாள் உல்ரிக்கே. தந்தார். எங்கள் பொறியாளர்கள் அன்று மதியத்துக்குள் பார்த்துவிட்டார்கள். காகிதங்கள் ஏற்றும் இடத்தில் யார்டுக்காரர் எவரும் போடாத ஒரு சின்ன நிரல் கிடந்தது. அதைப் போட்டவன் வேறு ஏதோ ஒரு நாட்டில் இருந்தபடி, மூடாமல் விட்டிருந்த மிக்கேல் அண்ணாச்சியின் பெயரில் உட்கார்ந்து உத்தரவு போட்டிருக்கிறான். அலுவலகத்தில் ஆள் இல்லாத நேரம் எது என்று சொல்லிக்கொடுத்தவன் உள்ளூரிலேயே எவனாவது இருப்பான். அது போலீஸ் வேலை. காலிக் கண்டெய்னர் மட்டும் பிறகு சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு செம்மணல் தேரிக்காட்டு ரோட்டில் கிடைத்தது.

அன்று சாயங்காலமே எல்லா நாட்டு வாடிக்கையாளர்களுக்கும் சேதி போனது. அந்தப் பக்கத்தை உடனே மூடுங்கள், ஒட்டு வருகிறது, எங்கள் மென்பொருளில் ஓட்டை இருக்கிறது. அந்தக் கடைசி வாக்கியத்தை எங்கள் சட்டப் பிரிவு வழவழவென்று மாற்றப் பார்த்தது. உல்ரிக்கே விடவில்லை. சேதி போன மறுநிமிடம் நான் மதினியைக் கூப்பிட்டேன்.

"வழி உண்டு மதினி. வெளியாளு வந்து பூர வழி இருந்துச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்லக் கூடாதுன்னு இருந்துச்சு."

"நீ வாயத் தொறக்காம இருந்தப்பவே நெனச்சேன்" என்றார். "இல்லன்னா நீ இல்லன்னு சொல்லியிருப்பல்லா?"

7

திங்கட்கிழமை கொடுத்த புகாரில் மதினியின் பெயர் இல்லை. முதலாளி போன் செய்து வேலைக்கு வரச் சொன்னார். மதினி போகவில்லை. முதலாளியின் மனைவி ஒரு டப்பா மக்ரூனோடு வீட்டுக்கு வந்து வருத்தம் சொன்னார்.

"மக்ரூன வாங்கிக்கிட்டேன்" என்றார் மதினி. "அது என்ன தப்பு செஞ்சுது, பாவம். ஆனா வேலைக்கு வரலன்னு சொல்லிட்டேன்."

"ஏன் மதினி? அதான் தப்பு அவியதுன்னு ஒத்துக்கிட்டாவல்லா?"

"வீட்டுக்குள்ள வந்து ஒத்துக்கிட்டா யாரு பாத்தா? கேட்டுல வச்சுல்லா என் பையக் கொட்டினாவ. கேட்டுல வந்து கூப்பிடட்டும். லாரிக்காரனுவ நிக்கும்போது கூப்பிடட்டும்."

அண்ணன் கப்பலிலிருந்து பேசி, போகட்டும் விடு என்றானாம். மதினி விடவில்லை. எனக்கும் ஒரு பயம் இருந்தது. வேறு வேலை அத்தனை சுலபமாகக் கிடைக்கிற ஊர் இல்லை அது. இழுக்கிற இழுப்பில் அறுந்துவிட்டால் என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தேன்.

"நீ அங்கன ஒத்தக்கால்ல நின்னல்லா?" என்றார். "நான் இங்கன நிக்கக் கூடாதா?"

இடையில் யார்டில் ஆளுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ராசி போய்விடும் என்று முதலாளி கடைசிவரை முனகினாராம். அப்புறம் ஒரு நாள் காலையில், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரமாகப் பார்த்து வரும்படி ஆள் அனுப்பினார்.

எங்களுக்கு இங்கே கோடை விடுமுறை. மதினி வீடியோ அழைப்பைப் போட்டுக் கைபேசியை வெளிப்பக்கம் திருப்பி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். ஈவா தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்டு தெரிந்தது, செக்யூரிட்டி தெரிந்தார், லாரியிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு டிரைவர்கள் தெரிந்தார்கள். நடுவில் வெள்ளைச் சட்டையோடு கஸ்பார் அண்ணாச்சி, வேர்த்து ஒழுகிக்கொண்டு.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றார். "இந்தப் பிள்ள மேல ஒரு தப்பும் கெடையாது. நான்தான் விசாரிக்காம சொல்லிட்டேன்."

"மொதலாளி, பின்னால கேக்கல!" என்று ஒரு டிரைவர் கத்தினார். யாரோ சிரித்தார்கள்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் சத்தமாக, முதலிலிருந்து சொன்னார். "இந்தப் பிள்ள மேல ஒரு தப்பும் கெடையாது! தப்பு எம்மேலதான்! பிலோமினா, உள்ள வா தாயி."

செக்யூரிட்டி கேட்டை முழுசாகத் திறந்தார். படம் அசையவில்லை. மதினி அப்படியே நிற்கிறார் என்று தெரிந்தது.

"அவர் ஏன் போகவில்லை?" என்று ஈவா என் கையைப் பிடித்தாள்.

மதினியின் குரல் தெளிவாகக் கேட்டது. "ரொம்ப சந்தோசம் மொதலாளி. நாளைக்குக் காலையில ஒம்போதுக்கு வாரேன். இன்னைக்கு எனக்கு லீவு."

படம் திரும்பியது. ரோடும் உப்பளமும் தெரிந்தன. மதினி பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்.